ஒரே சட்டியில் காய்ச்சிய கஷாயம்

சிறுநீர் தே-ஓ நிறத்தில் போனதைத்தான் முதலில் கவனித்தேன். பால் ஊற்றாத தேநீரை இங்கே அப்படித்தான் சொல்வோம். வேலை இடத்தில் சரியாகத் தண்ணீர் குடிப்பதில்லை, உடம்புச் சூடு என்று நினைத்து, அன்றைக்குப் பார்லி தண்ணீர் வாங்கிக் குடித்தேன். மறுநாள் இன்னும் கறுத்திருந்தது.

கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாம் என்ன நடந்தது என்று கேட்கிறார்கள். சொல்லி முடிப்பதற்குள் பூசை மணி அடித்துவிடும். பாதி கேட்டவர்கள் மீதியைத் தாங்களாகவே நிரப்பிக்கொள்கிறார்கள். எனக்குப் புற்றுநோய் என்று ஒருத்தர் சொன்னாராம். கட்டின புருஷனே விஷம் வைத்துவிட்டான் என்று இன்னொருத்தர் சொன்னது என் காதுக்கே வந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எதையும் மறைக்காமல் எழுது என்றார்.

என் பெயர் பரமேஸ்வரி. கோப்பெங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். அந்தத் தோட்டம் இப்போது பாதி செம்பனை, பாதி வீடமைப்பு. நாங்கள் குடியிருப்பதும் அந்த வீடமைப்பில்தான். ஈப்போவில் ஓர் இரும்புச் சாமான் கடையில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தேன். இவர், குணசேகரன், ஒரு மார்பிள் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அதை மூடிய பிறகு வேறு வேலை தேடவில்லை. பிள்ளைகள் இல்லாத வீடு. கோபப்படவும் குறை சொல்லவும் எங்களுக்கு நாங்கள் இரண்டு பேர்தான்; கூடவே ஈப்போ பக்கம் லகாட்டில் இவருடைய தங்கை லெட்சுமி. பள்ளிக்கூடக் கேண்டீனில் சமையல் வேலை செய்துவந்தாள். அவள் வீட்டுக்காரர் தவறிப் போனதிலிருந்து வாரம் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வருவாள்.

சும்மா இருக்கத் தெரியாத மனிதர் இவர். வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் மூலிகை போட ஆரம்பித்தார். முதலில் துளசி, தூதுவளை, ஆவாரை. பிறகு வேலியோரம் சீந்தில்கொடி. தெரிந்தவர் ஒருவர் கொடுத்த தண்டை வேலியில் சுற்றிவிட்டார். மண்ணில் ஊன்றக்கூட இல்லை. அது பாட்டுக்குப் பிடித்துக்கொண்டது. உடம்பெல்லாம் முண்டு முண்டாகத் தடித்த தண்டு. மலாய்க்காரர்கள் பத்தவாலி என்பார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று இவர் சொன்னார். சர்க்கரைக்கு அதைவிட நல்லது இல்லை என்று, கோயில் மண்டபத்தில் வாராவாரம் நடந்த இயற்கை மருத்துவ வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்களாம். எனக்கும் சர்க்கரை, லெட்சுமிக்கும் சர்க்கரை. எனக்குத் தைராய்டு வேறு.

இவர் அதை ஏனோதானோ என்று செய்யவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். கடையில் விற்கும் உலர்ந்த சரக்கை நம்பவே மாட்டார். வாங்க நேர்ந்தால் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் கசக்கி மோந்து பார்ப்பார். வாசனை இல்லை என்றால் பழசு. ரொம்ப வெளுப்பாக இருந்தால் கந்தகப் புகை போட்டது. காம்பு வளைந்தால் ஈரம் போகவில்லை, படக்கென்று ஒடிய வேண்டும். பூஞ்சை ஒரு புள்ளி தெரிந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிடுவார். செடிக்கு அரிசி கழுவின தண்ணீரும் காய்ந்த இலை மக்கினதும்தான் உரம். பூச்சி மருந்து அடிக்கிற பக்கத்து வீட்டுக்காரரோடு அதற்காகச் சண்டைகூடப் போட்டார்.

சீந்திலை விரல் தடிமனுக்கு முற்றியபிறகுதான் அறுப்பார். மஞ்சள் கரைத்த தண்ணீரில் கழுவி, மேல்தோலைச் சுரண்டி, சன்னமாக வட்டம் வட்டமாக நறுக்கி, மூங்கில் தட்டில் பரப்பி நிழலில் காயவைப்பார். வெயில் பட்டால் சத்து போய்விடுமாம். காய்ந்ததைக் கண்ணாடிப் போத்தலில் அடைத்து, அறுத்த தேதியை மேலே ஒட்டுவார். அலுமினியப் பாத்திரம் கூடாது, மண்சட்டிதான். மூன்று குவளைத் தண்ணீர் ஒன்றாக வற்ற வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் என் கையில் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை எதிரே நிற்பார். அப்படி ஒரு கசப்பு. லெட்சுமி வரும்போது ஒரு வாரத்துக்குக் காய்ச்சியதைப் போத்தலில் கொடுத்துவிடுவார், அவசரத்துக்குக் காய்ந்ததும் ஒரு போத்தல். தானும் குடிப்பார். ஒரே சட்டி, மூன்று பேர்.

எங்கள் சர்க்கரை இறங்கியது உண்மைதான். இரண்டு பேருக்கும் இறங்கியது. அதில் இவருக்கு இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. வேலை போனபிறகு இவர் நிமிர்ந்து உட்கார்ந்து பேசியது அப்போதுதான். ஒன்று மட்டும் அடிக்கடி சொல்வார்: ஆரம்பத்தில் உடம்பு கொஞ்சம் அடிக்கும், அரிப்பு வரும், அசதி வரும், அது நோய் வெளியே போகிற அறிகுறி, பொறுத்துக்கொள்ள வேண்டும். இதுவும் அந்த வகுப்பில் கேட்டதுதான்.

சிறுநீர் கறுத்த சில நாட்களில் சாப்பாட்டு வாசனையே பிடிக்கவில்லை. கடையில் கணக்கு எழுதும்போது கண் செருகியது. உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தன. பிறகு உடம்பு முழுக்க அரிப்பு. முதலாளியின் மனைவிதான், சீனக்காரப் பெண்மணி, என் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, கண் மஞ்சளாக இருக்கிறது, உடனே டாக்டரிடம் போ என்றார். கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கையோடு கடிதம் கொடுத்து ஈப்போவில் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அவசரப் பிரிவில் வரிசை வரிசையாக நாற்காலிகள். பக்கத்தில் ஒருவர் கையில் இரத்தத் துணியோடு உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு குழந்தை ஓயாமல் வாந்தி எடுத்தது. இவர் எனக்கு மைலோ வாங்கி வந்து, நான் குடிக்க முடியாமல் வைத்துவிட, அது ஆறி ஆடை படியும்வரை பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். உள்ளே கூப்பிட்டபோது டாக்டர் மலாயில் நிறையக் கேட்டார். ஆற்றில் குளித்தாயா, வீட்டில் எலி உண்டா, ஊசி போட்டாயா, வெளிநாடு போனாயா, கடைசியாக ஜாமு, நாட்டு மருந்து ஏதாவது உண்டா. எனக்குத் தலை நிற்கவில்லை. இவர்தான் பதில் சொன்னார். மருந்து எதுவும் கிடையாது, சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் ஆஸ்பத்திரி கொடுத்தது மட்டும்தான் என்றார். அவர் பொய் சொன்னதாக நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. அவர் கணக்கில் அது மருந்தே இல்லை. நம் வேலியில் முளைத்தது, அவ்வளவுதான்.

வார்டில் போட்டார்கள். அதன்பிறகு சோதனைகள். கல்லீரலின் உயிரணுக்கள் உடைந்தால் உள்ளே இருக்கும் என்சைம் இரத்தத்தில் கசியும். அதை அளந்து எவ்வளவு சேதம் என்று சொல்வார்கள். எனக்கு அது இருக்க வேண்டியதைப்போல் பல மடங்கு ஏறியிருந்தது. பிலிருபின் என்று ஒன்று உண்டு. பழைய இரத்தம் சிதைந்து வரும் மஞ்சள் கழிவு. கல்லீரல் அதை வெளியே தள்ளாவிட்டால் கண்ணிலும் தோலிலும் படிந்துவிடும். கல்லீரலைக் கெடுக்கும் கிருமிகளுக்குப் பார்த்தார்கள், இல்லை. எலிக் காய்ச்சலுக்குப் பார்த்தார்கள், இல்லை. வயிற்றில் பசை தடவி ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் கல் இல்லை, கட்டி இல்லை. இல்லை இல்லை என்று வரும்போது முதலில் நிம்மதியாக இருந்தது. அப்புறம் அதுவே பயமாகிவிட்டது. என்ன என்றே தெரியாத ஒன்று என்னை உள்ளே இருந்து தின்கிறது.

அரிப்பைப் பற்றிச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. தோலுக்கு மேலே இல்லை, அடியில் அரிக்கும். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டார்கள். துண்டால் தேய்த்துத் தேய்த்துத் தொடையில் புண்ணாகிவிட்டது. பக்கத்துக் கட்டிலில் இருந்த மலாய்ப் பெண், நான் தூங்காமல் புரளும்போதெல்லாம் தன் கையடக்க மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைப்பார். அவருக்கே மூச்சு இழுக்கும். பெயர் கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் அந்தக் கட்டில் காலியாக இருந்தது. வார்டு நர்ஸை, எங்கள் பேச்சில் மிஸியை, கேட்டேன். அவர் விரிப்பை மாற்றத் தொடங்கினார்.

இவர் இரண்டு வேளையும் வந்தார். வரும்போதெல்லாம் ஃபிளாஸ்க்கில் கஷாயம். ஆஸ்பத்திரி மருந்து உடம்பைக் கெடுத்துவிடும், இது உள்ளே போனால் கல்லீரலைத் துடைத்துவிடும் என்றார். நான் குடித்தேன். எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்தால் போதும் என்றிருந்தது. ஒவ்வொரு நாளும் இரத்தப் பரிசோதனை முடிவு முந்தின நாளைவிட மோசமாக வந்தது. டாக்டர்கள் கட்டிலின் காலடியில் நின்று தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள்.

அந்த டாக்டர்களில் தாரணி என்று ஓர் இளம் பெண். ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். இரத்தம் எடுக்க வந்தவர், ஊசியைக் கீழே வைக்க மேசையில் இடம் தேடி, ஃபிளாஸ்க்கை நகர்த்தினார். மூடி சரியாகப் போடவில்லை. வாசனை அவர் முகத்தில் அடித்திருக்க வேண்டும்.

"ஆன்ட்டி, இது என்ன?"

"கஷாயம். சீந்தில் கஷாயம். மலாயில பத்தவாலின்னு சொல்வாங்க."

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"எவ்வளவு நாளா குடிக்கிறீங்க?"

"தீபாவளிக்கு முன்னால இருந்து."

"இங்க வந்த பிறகும்?"

நான் ஃபிளாஸ்க்கைப் பார்த்தேன். அவர் ஃபிளாஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

சாயங்காலம் இவர் வந்தபோது தாரணி காத்திருந்து பேசினார். கோபமாகப் பேசவில்லை. அந்தக் கொடி சிலருடைய கல்லீரலைத் தாக்கும் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான் என்றார். சீந்திலும் பத்தவாலியும் ஒன்றல்ல, ஒரே இனத்துப் பங்காளிகள், ஆனால் இந்த விஷயத்தில் இரண்டையுமே நம்ப முடியாது என்றார். உடம்பு தன் கல்லீரலையே எதிரி என்று எண்ணித் தாக்கத் தொடங்கிவிடும். தைராய்டு போன்ற தொந்தரவு முன்பே உள்ளவர்களுக்கு அது இன்னும் கடுமையாக வரலாம். இவர் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நானும்தானே டாக்டர் குடிக்கிறேன். அதே சட்டி. எனக்கு ஒண்ணும் ஆகலையே."

"அதுதான் அங்கிள் இதுல பயம். யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாதுன்னு முன்னாடியே தெரியாது."

"மருந்து அடிக்காம வளர்த்தது டாக்டர். உரம்கூட வாங்கிப் போட்டதில்ல. சுத்தமா கழுவி, நெழல்ல காயவெச்சு..."

"நீங்க கழுவினதுல குறை இல்ல அங்கிள். அந்தக் கொடியே அப்படி."

இவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் செய்ததில் ஏதாவது குறை இருந்திருந்தால் தாங்கியிருப்பார் என்று தோன்றியது. சரியாகக் கழுவவில்லை, பூஞ்சை பிடித்திருந்தது என்றால் அடுத்த முறை சரியாகச் செய்யலாம். இதில் அடுத்த முறை என்று ஒன்று இல்லை.

வேறு யாராவது குடிக்கிறார்களா என்று தாரணி கேட்டார். இவர் தானும் நானும் மட்டும் என்று சொல்ல வாயெடுத்தார். லெட்சுமியும் குடிக்கிறாள் என்று நான்தான் சொன்னேன். உடனே நிறுத்தச் சொல்லுங்கள், இரத்தம் சோதித்துப் பார்க்க இங்கே கூட்டிவாருங்கள் என்று தாரணி அழுத்திச் சொன்னார். இவர் தலையாட்டினார். இன்றைக்கே போன் பண்ணிவிடுகிறேன் என்றார். மறுநாள் கேட்டேன், சொல்லியாச்சு என்றார்.

அதன்பின் எனக்குக் கல்லீரலில் ஊசி போட்டார்கள். விலாவில் மரக்கவைத்து, நீளமான ஊசியால் கல்லீரலில் நூல் அளவு சதையை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. மூச்சைப் பிடி என்பார்கள், டப் என்று ஒரு சத்தம், தோள்பட்டை வரைக்கும் வலி போகும். இரத்தம் கசியக்கூடும் என்பதால் அந்தப் பக்கமாகவே அசையாமல் படுத்திருக்க வேண்டும். முடிவு வந்ததும் ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தார்கள். உடம்பு தன்னையே தாக்குவதை அடக்கும் மருந்து. கஷாயம் நின்றது, மாத்திரை ஏறியது, இரத்தப் பரிசோதனை முடிவு முதல் முறையாகக் கொஞ்சம் இறங்கியது. அன்றைக்கு வார்டில் கொடுத்த கஞ்சியில் பாதி சாப்பிட்டேன்.

அடுத்து வந்த சனிக்கிழமை பார்வையாளர் நேரத்தில் லெட்சுமி வந்தாள். கேண்டீன் வேலையும் வீடுமாக இருந்ததால் அதுவரை வரவில்லை. பச்சைப்பயறு கஞ்சி கொண்டுவந்திருந்தாள். என் தலையைப் பார்த்துவிட்டு, சிக்குப் பிடிச்சுப் போச்சே அண்ணி என்று சீப்பை எடுத்தாள். கட்டிலின் பின்னால் நின்று, வலிக்காமல் அடிமுடியிலிருந்து சிக்கெடுத்தாள். யாரும் அப்படி என் தலையைத் தொட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கக் குனிந்தாள். ஜன்னல் வெளிச்சம் அவள் கண்ணில் விழுந்தது.

அந்த மஞ்சள் எனக்குத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"லெட்சுமி, நீ இன்னும் கஷாயம் குடிக்கிறியா?"

"ஆமா அண்ணி. ரெண்டு வாரமா ஒரே அரிப்பு, அசதி. நோய் வெளிய போவுதுன்னு அண்ணே சொல்லியிருக்காருல்ல. அதான் ரெண்டு வேளையாக்கிட்டேன்."

"குடிக்காதேன்னு அவர் போன் பண்ணலையா?"

"கொஞ்ச நாளைக்கு விட்டுடுன்னாரு. இங்கயும் வீட்டுக்கும் அலையறாரு, காய்ச்சிக் குடுக்க முடியலைன்னு நெனச்சேன். எங்கிட்ட காஞ்சது ஒரு போத்தல் இருக்கு, நானே காய்ச்சிக்கிறேன் அண்ணேன்னு சொன்னேன்."

"அதுக்கு அவர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல லா. போனை வெச்சிட்டாரு."

நான் மிஸியைக் கூப்பிட்டேன். என் குரல் எப்படி இருந்ததோ, இரண்டு மிஸிகள் ஓடிவந்தார்கள். எனக்கு இல்லை, இவளைப் பாருங்கள் என்றேன். லெட்சுமி சிரித்தாள். நான் உங்களைப் பார்க்க வந்தால் என்னைப் படுக்க வைக்கிறீர்களே என்றாள். கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்தவளை, கையைப் பிடித்து உட்கார வைத்தேன். சக்கர நாற்காலியில் கீழே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். போகும்போது சீப்பு அவள் கையிலேயே இருந்தது.

இவர் வந்ததும் கேட்டேன். சத்தம் போடவில்லை, எனக்குத் தெம்பும் இல்லை. ஏன் அவளிடம் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன்.

"சொன்னேன் பரமேசு."

"என்ன சொன்னீங்க?"

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "விட்டுடுன்னு சொன்னேன். ஏன்னு கேட்டா, உன்னை இப்படி ஆக்குனது நான்தான்னு சொல்லணும். அதை எப்படிம்மா அவகிட்ட சொல்றது?"

நான் அன்றைக்கு அவர் கொண்டுவந்த சாப்பாட்டைத் தொடவில்லை. கீழே உங்கள் தங்கச்சி இருக்கிறாள், போய்ப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

லெட்சுமியின் நிலைமை என்னைவிட மோசம் என்று தாரணி மறைக்காமல் சொன்னார். சர்க்கரையால் அவளுடைய கல்லீரலில் ஏற்கெனவே கொழுப்பு சேர்ந்து, தழும்பும் விழத் தொடங்கியிருந்திருக்கிறது. யாருக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாது. அதன் மேல் இது. இரத்தத்தை உறைய வைக்கும் பொருளையும் கல்லீரல்தான் செய்ய வேண்டும். அவளுடைய கல்லீரல் அதைச் செய்வதை நிறுத்திவிட்டது. ஊசி குத்தின இடமெல்லாம் நீலம் பரவியது. நல்ல நாளில் உடம்பு கழிக்கும் நச்சு, கழிக்க ஆளில்லாமல் மூளைக்கு ஏறும். அப்போது மனுஷர்கள் பகலில் தூங்குவார்கள், இடம் தெரியாது, கையை நீட்டச் சொன்னால் பறவை சிறகடிப்பதுபோல் மணிக்கட்டு துடிக்கும். இதெல்லாம் தாரணி எனக்குச் சொல்லி வைத்தார். அப்படியும் அவளைப் பார்த்தபோது என் மனம் ஏற்கவில்லை.

மிஸி ஒருத்தி என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து அவளிடம் தள்ளிக்கொண்டு போனாள். இவர் கட்டிலருகே நின்றிருந்தார். லெட்சுமியின் முகம் பூசுமஞ்சள் பூசினதுபோல் இருந்தது. என்னை யார் என்று தெரியவில்லை. கேண்டீன் பிள்ளைகளுக்கு மீ கோரெங் ஆறிப்போகிறது என்று முணுமுணுத்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். அவரை மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"அண்ணே, இன்னைக்குக் கஷாயம் குடுக்கலையே."

இவர் குனிந்து அவள் போர்வையைச் சரிசெய்தார்.

"உடம்பு ரொம்ப அடிக்குது. குடுங்கண்ணே, குடிச்சா போயிடும்."

இவர் அவள் கையை எடுத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். வேண்டாம்மா என்று சொல்ல முயன்றார். அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். சின்ன வயதில் எதைக் கேட்டாலும் வாங்கிக் கொடுத்த அண்ணன் இன்றைக்கு ஏன் தரவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை. கடைசியில் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பார்த்த அவளுடைய கடைசி முகம் அதுதான். அன்றைக்கே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றி, சுவாசக் குழாய் வைத்தார்கள்.

மாற்றுக் கல்லீரல் பற்றியும் பேசினார்கள். அது தலைநகரில்தான் நடக்கும். அவ்வளவு தூரம் கொண்டுபோகும் நிலையில் அவள் இல்லை. இவர் தன்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள், இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்களிடம் சட்டையை விலக்கிக் காட்டினாராம். இவருடைய வயதும் இரத்த அழுத்தமும் அதற்கு இடம் கொடுக்காது என்று அவர்கள் பொறுமையாக விளக்கியிருக்கிறார்கள். இதை எனக்குச் சொன்னது தாரணி. இவர் சொல்லவில்லை.

லெட்சுமி ஒரு காலைப்பொழுதில் போய்விட்டாள். நான் இன்னும் வார்டில்தான் இருந்தேன். இவர் படியேறி வந்து என் கட்டிலருகே நின்றார். அவர் சட்டைப் பையில் சீப்பு இருந்தது. அவளுடைய சாமான்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள், சீப்பை மட்டும் தனியே எடுத்திருக்கிறார். நான் நகர்ந்து இடம் கொடுத்தேன், உட்கார்ந்தார். அவரை அடிக்க வேண்டும்போலவும் இருந்தது, பிடித்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. மிஸி வந்து திரையை இழுத்துவிட்டுப் போனாள்.

தகனத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து என்னை விடவில்லை. அவளுக்குக் கொள்ளி வைத்ததும் இவர்தான். நான் வீட்டுக்கு வந்தபோது பின்பக்கம் மொட்டையாகக் கிடந்தது. துளசியைக்கூட விடவில்லை, எல்லாவற்றையும் பிடுங்கி எரித்திருந்தார். போத்தல்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மண்சட்டியைக் காணோம். சீந்தில் மட்டும் லேசில் போகவில்லை. வேரோடு இழுத்தாலும் வேலிக்கம்பியில் சிக்கின துண்டு காற்றைக் குடித்தே மாதக்கணக்கில் பச்சையாக இருக்கும். நூல் நூலாக வேரைக் கீழே இறக்கி மறுபடி மண்ணைத் தொடும். காலையில் எழுந்ததும் வேலியோரம் நடந்து, தெரிகிற துண்டையெல்லாம் கிள்ளி எடுப்பது இவருக்கு ஒரு வேலையாகிப் போனது.

ஸ்டீராய்டு என் முகத்தை நிலாபோல ஊதவைத்தது. சர்க்கரை தாறுமாறாக ஏறி, இப்போது வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். இவர்தான் ஊசி போட்டுவிடுகிறார். கல்லீரலில் தழும்பு விழுந்துவிட்டது, அது போகாது, மேலே பரவாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். கடை வேலையை விட்டுவிட்டேன். வீட்டில் நாங்கள் பேசிக்கொள்வது, சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, மழை வரும்போல இருக்கிறது என்ற அளவில்தான். லெட்சுமியின் பெயரை அவர் சொல்வதில்லை. நான் சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவார். பதினாறாம் நாள் படையலில்கூட, அவளுக்கு என்ன ஆச்சு என்று கேட்ட உறவுக்காரர்களிடம் மஞ்சள் காமாலை என்று மட்டும்தான் சொன்னார். அது பொய்யில்லை. நான் அதைத் திருத்தவில்லை. சொல்ல வேண்டியது அவர்தான் என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் கல்லீரல் கிளினிக்கில் என் முறைக்காகக் காத்திருந்தோம். பக்கத்தில் தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து வந்த ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். அவர் வீட்டுக்காரருக்குக் கல்லீரல் வீக்கம். அவர் உள்ளே ஸ்கேனுக்குப் போயிருந்தார். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்ததில் அந்த அக்கா நிறையப் பேசினார். டாக்டர் மாத்திரையால் பிரயோசனம் இல்லை, இப்போது வீட்டிலேயே ஒரு கஷாயம் காய்ச்சித் தருகிறேன், நல்ல மாற்றம் தெரிகிறது என்று கைப்பேசியில் படம் காட்டினார். மூங்கில் தட்டில் வட்டம் வட்டமாக நறுக்கின தண்டு.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் எனக்கு மேலாகக் குனிந்து அந்தப் படத்தைப் பார்த்தார்.

"இதை உங்க வீட்டுக்காரருக்குக் குடுக்காதீங்க அக்கா. இதைக் குடுத்துதான் என் தங்கச்சி செத்துப்போச்சு. லெட்சுமின்னு பேரு. நான்தான் குடுத்தேன்."

அந்த அக்கா என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையசைத்தேன். அவர் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தார். ஆறுதலாகச் சொல்வதுபோல் இவரிடம் கேட்டார்.

"கடையில வாங்குனதா அண்ணே? கடைச் சரக்கை நம்பக்கூடாது. என்னென்னமோ கலந்துடறான்."

"கடையில வாங்கல அக்கா," என்றார் இவர். "நானே நட்டேன். நானே அறுத்தேன். நானே காய்ச்சினேன்."

உள்ளே இருந்து என் நம்பரைக் கூப்பிட்டார்கள். நான் மட்டும் எழுந்து போனேன். கதவை மூடும்போது திரும்பிப் பார்த்தேன். இவர் நான் இருந்த நாற்காலிக்கு நகர்ந்து, அந்த அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.